முதல் சொந்த ட்ரக்: பழைய வண்டி வாங்கப் போகும் சாரதிகளுக்கு ஒன்ராறியோவிலிருந்து

கம்பனி ட்ரக்கை இரண்டு மூன்று வருடம் ஓட்டியதும் அனேகமாக எல்லோருக்கும் அந்த எண்ணம் வந்துவிடும். இதே ஓட்டத்தைச் சொந்த வண்டியில் ஓடினால் என்ன? எனக்கும் வந்தது. பிரம்ப்டனில் ஒரு யார்டில் நின்ற, படுக்கையுள்ள வெள்ளை ஸ்லீப்பர் ட்ரக்கில் ஏறி இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன், மனம் அப்போதே முடிவு செய்துவிட்டது. சேர்த்து வைத்த காசு முழுவதையும் முற்பணமாகக் கட்டினேன். ஆறாவது கிழமை, 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டனைத் தாண்டிப் போகும்போது கூலன்ட் குறைகிறது என்று விளக்கு எரிந்தது. எஞ்சின் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் உள்ளே வெடித்திருந்தது. இழுவைக் கூலி, திருத்தக் கூலி, ஓட்டமில்லாமல் நின்ற ஒன்பது நாள் என்று எல்லாம் சேர்ந்து 8,000 டொலருக்கு மேல் போனது. அன்று என் கணக்கில் இருந்தது 900 டொலர். மிச்சத்தை மனைவியின் கடனட்டையில்தான் போட்டோம்.

அது கெட்ட வண்டி என்று சொல்ல மாட்டேன். பிறகு நாலு வருடம் அதிலேதான் ஓடினேன். வண்டியின் விலையைப் பார்த்த நான், வாங்கிய மறுநாள் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கவில்லை. என் பிழை அதுதான். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த ஒன்பது நாளில் படித்தது. ட்ரெயிலர் பூட்டிய ட்ரக் ஓட்டுவதற்கான ஏஇசட் அனுமதிப்பத்திரமும் கொஞ்சம் ஓட்ட அனுபவமும் உள்ள, முதல் வண்டி தேடும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

வண்டிக்கு முன் வேலை

முதலில் வண்டி, பிறகு வேலை என்று போகாதீர்கள். யாருக்கு, எந்தப் பாதையில், என்ன சுமை ஏற்றி ஓடப் போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எந்த வண்டி வேண்டும் என்பது தெரியும்.

சொந்த வண்டி வைத்து ஓட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் போட்டு, வணிக வண்டி ஓட்டுவோருக்கான அவர்களுடைய சிவிஓஆர் பதிவின் கீழும் அவர்களுடைய காப்புறுதியின் கீழும் ஓடுவது. மற்றது, எல்லாவற்றையும் உங்கள் பெயரிலேயே எடுப்பது. அதற்கு ஒன்ராறியோவின் சிவிஓஆர் தேர்வு எழுதிச் சித்தியடைய வேண்டும், சொந்தக் காப்புறுதி வேண்டும், அமெரிக்காவுக்கு ஓடுவதென்றால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் யூஎஸ்டொட் இலக்கமும், கூலிக்குச் சரக்கு ஏற்றுவதற்கான எம்சி அனுமதியும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கேட்கும் தொகையே பலரை மடக்கிவிடும். முதல் வண்டியின் பாரத்தோடு இந்தப் பாரத்தையும் தூக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வருடம் இரண்டு வருடம் ஒரு கம்பனியின் கீழ் ஓடுங்கள்.

அந்தக் கம்பனியிடம் வண்டி வாங்குமுன்பே போய்க் கதையுங்கள். எத்தனை வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை எடுக்க மாட்டீர்கள், கலிபோர்னியாவுக்கு ஓட்டம் உண்டா, வெறும் ட்ரெயிலரோடு ஓடும் தூரத்துக்குக் காசு உண்டா, எரிபொருள் மேலதிகக் கட்டணம் முழுவதும் சாரதிக்கு வருமா, ஒவ்வொரு கிழமையும் என்ன என்ன கழிப்பீர்கள், விலகினால் பிடித்து வைத்த பணம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நல்ல விலைக்கு ஒரு வண்டியை வாங்கி வந்து, கம்பனி அதன் வயதைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னதால் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தவரை எனக்குத் தெரியும்.

வேலை தெரிந்ததும் வண்டியின் உருவம் தானாகத் தெளியும். ரொறன்ரோவைச் சுற்றி ஓடி இரவில் வீட்டுக்கு வருபவருக்கு ஸ்லீப்பர் வீண் பாரம், படுக்கையில்லாத டே கேப் போதும். 53 அடி ட்ரெயிலரில் பெட்டிச் சாமான் ஏற்றி அமெரிக்கா போகிறவருக்கு அங்கே மொத்த எடை எல்லை 80,000 இறாத்தல். ஆகவே இலேசான, எரிபொருள் குறைவாகக் குடிக்கும் வண்டி வேண்டும். ஒன்ராறியோவுக்குள்ளேயே பல அச்சு ட்ரெயிலரில் இரும்போ மரமோ ஏற்றினால் எடை அதைவிட மிக அதிகம். அதற்கு 46,000 இறாத்தல் தாங்கும் பின் அச்சும் 18 கியர் பெட்டியும் தேவை. கலிபோர்னியா ஓட்டம் என்றால் 2023 ஜனவரியிலிருந்து 2010 அல்லது அதற்குப் பிந்திய மாதிரி எஞ்சின் இல்லாத கனரக டீசல் வண்டி அங்கே ஓட முடியாது. இங்கே எஞ்சினின் வருடத்தைத்தான் பார்ப்பார்கள். 2010 என்று விற்கப்படும் ட்ரக்கில் 2009 எஞ்சின் இருப்பது சாதாரணம், ஆகவே எஞ்சினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள்.

காசுக் கணக்கு

ஒரு கொப்பியில் இதை எழுதிப் பாருங்கள். மாதம் 15,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். நெடுந்தூர ட்ரக் 100 கிலோமீற்றருக்குச் சுமார் 35 லீற்றர் குடிக்கும். மாதம் 5,250 லீற்றர். லீற்றர் 1.50 டொலர் என்றால் 7,875 டொலர். திருத்த வேலைக்கும் டயருக்கும் கிலோமீற்றருக்கு 15 சதம் ஒதுக்கினால் 2,250. வண்டிக் கடன் 2,200 என்றும், காப்புறுதி, பிளேட், கணக்காளர், தொலைபேசி எல்லாம் சேர்த்து 1,500 என்றும் போடுங்கள். மொத்தம் 13,825 டொலர். கிலோமீற்றருக்கு 92 சதம். உங்கள் சம்பளமும் வரியும் இதற்கு மேலேதான்.

இந்தக் கணக்கில் உங்கள் இலக்கங்களைப் போட்டுப் பார்க்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டி கராஜில் நின்றால் எரிபொருள் செலவு நிற்கும், ஆனால் கடனும் காப்புறுதியும் நிற்காது. மேலே சொன்ன உதாரணத்தில் மாதம் 3,700 டொலர் வண்டி நின்றாலும் போய்க்கொண்டே இருக்கும். அதோடு வீட்டு வாடகையும் சாப்பாடும்.

ஆகவே என் விதி இதுதான்: வண்டியின் சாவி கைக்கு வந்த அன்று குறைந்தது 15,000 டொலர் தொடாமல் கிடக்க வேண்டும். பெரிய எஞ்சின் திருத்தம் ஒன்றுக்கு இங்கே 30,000 டொலர் போவது சாதாரணம். அதற்கு 15,000 காணாது. ஆனால் கூலர், டர்போ, சென்சர், ஒரு சோடி டயர், இரண்டு கிழமை ஓட்டமின்மை, இவ்வளவையும் தாங்கும். 40,000 டொலர் கையில் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் 25,000 டொலர்க்காரர் என்று நினைத்துக்கொண்டு வண்டி தேடுங்கள். 15,000 மிஞ்சாது என்றால் இன்னும் ஆறு மாதம் கம்பனி வண்டியை ஓட்டிச் சேர்ப்பதில் ஒரு குறைவும் இல்லை. வண்டிகள் எங்கேயும் ஓடிவிடாது. 2021, 2022இல் பழைய ட்ரக் விலை தலைக்கு மேல் ஏறியபோது அவசரப்பட்டு வாங்கியவர்கள், 2023இல் விலையும் சரக்கு வாடகையும் சேர்ந்து இறங்கியபோது கடனுக்குள் மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் வாங்கும்போது வாங்குவதுதான் மிக விலை கூடிய வாங்கல்.

எந்த வருடம், எந்த எஞ்சின்

பழைய டீசல் வண்டியில் இன்று காசைத் தின்பது பெரும்பாலும் எஞ்சினைவிட, அதைச் சுற்றியுள்ள புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள்தான். இரண்டு வருடங்களை நினைவில் வையுங்கள். 2007 மாதிரியிலிருந்து டிபிஎஃப் வந்தது. புகைக்கரியைப் பிடித்து வைத்து, சூடேற்றி எரிக்கும் வடிகட்டி அது. 2010இலிருந்து பெரும்பாலான எஞ்சின்களில் டிஇஎஃப் என்ற யூரியாத் திரவமும் சேர்ந்தது. இவற்றோடு, புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்துத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆரும் உண்டு. என்னை கிங்ஸ்டனில் நிறுத்தியது அதன் கூலர்தான்.

வண்டி நெடுஞ்சாலையில் சூடாக ஓடினால் டிபிஎஃப் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். மணிக்கணக்கில் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கரி அடைக்கும், அதைத் தொடர்ந்து மற்ற எல்லாம் கெடும். நெடுந்தூரம் ஓடிய வண்டியை, கிலோமீற்றர் கூடியதாக இருந்தாலும், நகரத்துக்குள் நின்று நின்று ஓடிய வண்டிக்கு முன்னால் வைக்க வேண்டியது இதனால்தான்.

டெட்ராய்ட் டிடி15, கமின்ஸ் எக்ஸ்15, அதற்கு முந்திய ஐஎஸ்எக்ஸ்15, வொல்வோ டி13, பக்கார் எம்எக்ஸ்-13 ஆகிய எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பலவீனம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒன்ராறியோவிலும் அமெரிக்க நெடுஞ்சாலைகளிலும் மெக்கானிக்கும் உதிரிப்பாகமும் கிடைக்கும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள, நீங்கள் நம்பும் மெக்கானிக் எந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவாரோ, அதுவே உங்களுக்கு நல்ல எஞ்சின். ஒன்றை மட்டும் விலக்குங்கள்: 2010ஐ ஒட்டிய வருடங்களில் வந்த நவிஸ்டார் மாக்ஸ்ஃபோர்ஸ் 13. டிஇஎஃப் இல்லாமல் ஈஜிஆரால் மட்டும் புகையைக் குறைக்கப் பார்த்து அந்த முயற்சி தோற்றது. கம்பனியே 2012இல் வழியை மாற்றிக்கொண்டது. அந்த வண்டிகள் மலிவாகக் கிடைப்பது அதனால்தான்.

"எல்லாம் கழற்றியாச்சு அண்ணை, இனிப் பிரச்சினையே இல்லை" என்று சொல்லி டிபிஎஃப், ஈஜிஆர் எல்லாம் நீக்கிய வண்டியை விற்க வருவார்கள். வாங்காதீர்கள். அமெரிக்காவிலும் இங்கேயும் அது சட்டவிரோதம். ஒன்ராறியோவில் கனரக வண்டிகளின் பாதுகாப்புப் பரிசோதனையும் புகைப் பரிசோதனையும் ட்ரைவ்ஓன் திட்டத்தின் கீழ் ஒன்றாகிவிட்டன. கழற்றியதைத் திரும்பப் பூட்டும் செலவைக் கேட்டால் அந்த மலிவு விலையின் காரணம் விளங்கும்.

எங்கே தேடுவது

பெரிய கம்பனிகள் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தங்கள் ட்ரக்குகளை மாற்றும். அப்படி வெளியே வரும் வண்டிகளுக்கு ஒயில் மாற்றிய நாள் முதல் எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கும். முதல் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். அடுத்ததாக, ஒரே சாரதி சொந்தமாக வைத்து ஓடி, ஓய்வு பெறும்போது விற்கும் வண்டி. பற்றுச்சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருப்பார், எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். மூன்றாவதுதான் சிறிய யார்டுகள். ஏலத்தில் வண்டி இருக்கிற நிலையிலேயே விற்பனை, ஓட்டிப் பார்க்க முடியாது, வாங்குபவர் கட்டணமும் மேலே வரும். இரண்டு மூன்று வண்டி வாங்கிப் பழகியபின் அங்கே போகலாம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாங்கினால் கறள் இல்லாத வண்டி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தரை எல்லையால் ஏற்றுமதி செய்ய, வண்டியின் உரிமைப் பத்திரத்தை 72 மணித்தியாலம் முன்னதாக அமெரிக்கச் சுங்கத்திடம் கொடுக்க வேண்டும். கனடாவுக்குள் இறக்கும் விதிகள், நாணய மாற்று, போக்குவரத்துச் செலவு எல்லாம் வேறு. முதல் தடவைக்கு அந்தச் சுற்று வேண்டாம்.

பார்க்கப் போகும் நாள்

விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் வரும் வரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." விடியக் காலையில் போங்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்குக் காட்டக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினால் மறைக்க முடியாது. அது எவ்வளவு நேரம் இழுத்து ஸ்டார்ட் ஆகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று பாருங்கள். சூடேறியபின்னும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் எரிகிறதா என்று யோசிக்க வேண்டும். நீலம் என்றால் ஒயில்.

ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட் தாங்கியைத் திறந்து பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அதில் குமிழி தொடர்ந்து வரக் கூடாது. ஒயில் குச்சியை உருவிப் பாருங்கள், பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே துவாரத்தின் மேல் வையுங்கள். மெதுவாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தாலோ, நீராவி வண்டி போலப் புகை வந்தாலோ பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். இது ஒரு அறிகுறிதான். சரியான அளவைக் கருவி வைத்து மெக்கானிக் சொல்வார்.

அப்புறம் அடியில் படுத்துப் பாருங்கள். பழைய உடுப்பும் ஒரு டோர்ச்சும் ஒரு சின்னச் சுத்தியலும் கொண்டு போங்கள். ஒன்ராறியோவில் ட்ரக்கைக் கொல்வது உப்பு. மார்கழியிலிருந்து பங்குனி வரை 401இல் கொட்டும் உப்பு சேசிஸின் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்துவிடும். சேசிஸ் இரட்டைத் தகடாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே கறள் பிடித்து, உப்பி, தகட்டையே வெளியே தள்ளியிருக்கும். பக்கவாட்டில் கையை ஓட்டிப் பார்த்தால் அந்த வீக்கம் தெரியும். குறுக்குச் சட்டங்களையும் ஸ்பிரிங் பிடிப்புகளையும் காற்றுத் தாங்கிகளையும் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், கறள் தின்ற இரும்பு பொத்தென்று சொல்லும். புதுக் கறுப்பு வண்ணம் அடித்த சேசிஸைக் கண்டால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

வயர்க் கட்டுகளை மறக்காதீர்கள். உப்பு வயருக்குள் ஏறினால் பச்சைத் தூளாகும். அதன்பின் எந்த விளக்கு எப்போது எரியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு கிழமை முழுக்க மெக்கானிக் வயர் தேடிய பற்றுச்சீட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் உதிரிப்பாகத்துக்குப் போட்ட தொகை 14 டொலர், மிச்சமெல்லாம் நேரக் கூலி.

மற்றவை விரைவாக. டயரின் பக்கத்தில் டொட் எழுத்துக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கம் அது செய்த நாள்: 2321 என்றால் 2021ஆம் வருடத்தின் 23ஆம் கிழமை. பத்து டயரையும் புதிதாகப் போட எவ்வளவு என்று முன்பே கேட்டு வைத்திருங்கள், தேய்ந்திருந்தால் அந்தத் தொகையைப் பேரத்தில் வைக்கலாம். முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டோ கிங்பின்னோ பிழை. சக்கரங்களின் உட்பக்கத்தில் ஒயில் வழிந்திருக்கிறதா, ட்ரெயிலரைப் பூட்டும் ஃபிஃப்த் வீல் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா, பூட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். காற்றை முழுவதும் நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு, காற்று எவ்வளவு இறங்குகிறது என்று அளவுமானியில் பாருங்கள். இது நாளாந்தப் பரிசோதனையில் நீங்கள் செய்யும் வேலைதான்.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் ட்ரக்கை ஓட்டாதீர்கள். வெறும் ட்ரக் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். பாரம் ஏற்றிய ட்ரெயிலரைப் பூட்டி ஓட்டக் கேளுங்கள். ஹமில்டனில் 403 நெடுஞ்சாலை நயாகரா மேட்டில் ஏறும் இடத்துக்குக் கொண்டுபோனால், டர்போவும் கியரும் கூலிங்கும் பத்து நிமிடத்தில் தங்கள் நிலையைச் சொல்லிவிடும். தானியங்கிக் கியர் என்றால் மெதுவாக ஊர்ந்து போகும்போது குலுக்குகிறதா என்று கவனியுங்கள். பாரத்தோடு ஓட்ட விடமாட்டேன் என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

வண்டியின் ஞாபகம்

எஞ்சின் கணினியான ஈசிஎம் லேசில் பொய் சொல்லாது. அதில் உள்ளதை ஒரு மெக்கானிக்கைக் கொண்டு இறக்கி அச்சிட்டு வாங்குங்கள். முன்பலகையில் காட்டும் கிலோமீற்றரும் ஈசிஎம் சொல்லும் கிலோமீற்றரும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்தது எஞ்சின் ஓடிய மணித்தியாலம். 1,100,000 கிலோமீற்றர், 18,000 மணித்தியாலம் என்றால் சராசரி மணிக்கு 61 கிலோமீற்றர். நெடுஞ்சாலை வண்டி. 800,000 கிலோமீற்றர், 24,000 மணித்தியாலம் என்றால் சராசரி 33தான். கிலோமீற்றர் குறைவு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள், ஆனால் இரண்டாவது எஞ்சின்தான் அதிகம் உழைத்தது, அதுவும் நின்ற இடத்தில். டிபிஎஃப் எத்தனை தடவை கட்டாயமாக எரிக்கப்பட்டது, என்ன பிழைக் குறியீடுகள் பழைய பதிவில் உள்ளன என்பதும் அதில் வரும். எல்லாக் குறியீடும் நேற்றுத்தான் அழிக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஒயில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது இந்த முழு வேலையிலும் மிக மலிவான வேலை. ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுதான் வரும். சோடியம், பொட்டாசியம் இருந்தால் கூலன்ட் கசிகிறது. ஈயமும் செம்பும் கூடினால் பேரிங் தேய்கிறது. சிலிக்கன் என்றால் காற்று வடிகட்டியைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. ஒயில் புதிதாக மாற்றியிருந்தால் ஆய்வில் ஒன்றும் தெரியாது, அதனால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் நீங்கள் பார்த்தபின்னும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கராஜில் அரை நாள் பரிசோதனைக்கு விடுங்கள். "புது சேஃப்டியோடு தருகிறோம்" என்று பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டுவது அதற்கு ஈடாகாது. அன்றைக்கு ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்பதைத்தான் சேஃப்டி சொல்லும். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

பத்திரமும் கடனும்

வண்டியின் மேல் வேறு யாருக்காவது கடன் உரிமை பதிவாகியிருந்தால், நீங்கள் காசு கட்டி வாங்கிய வண்டியை அவர்கள் வந்து இழுத்துக்கொண்டு போக வழி உண்டு. இப்படியான கடன் உரிமைக்கு லீன் என்று பெயர், அவற்றைப் பதியும் ஒன்ராறியோவின் பிபிஎஸ்ஏ பதிவேட்டில் தேடுங்கள். வண்டியின் அடையாள எண்ணான வின் இலக்கத்தை வைத்து மட்டும் தேடினால் காணாது. விற்பவரின் முழுப் பெயரையும் அவருடைய கம்பனிப் பெயரையும் வைத்துத் தேட வேண்டும். வணிக வண்டிக் கடன்களில் வின் இலக்கம் பதியப்படாமலும் இருக்கலாம். திருத்தக் கூலி கட்டாத வண்டி மேல் கராஜ்காரரும் உரிமை பதியலாம், அதையும் பாருங்கள். கியூபெக்கிலிருந்து வந்த வண்டி என்றால் அந்த மாகாணத்தின் பதிவேடு தனி. கடன் மீதி இருந்தால், வங்கி வரைவை நேரே கடன் கொடுத்தவர் பெயருக்கு எழுதி, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்கியபின் மிச்சத்தை விற்பவருக்குக் கொடுங்கள். வெறும் காசாகக் கொடுக்காதீர்கள்.

ஹெச்எஸ்டி என்ற விற்பனை வரிக்குப் பதிவுள்ள டீலரிடமோ கம்பனியிடமோ வாங்கினால், கட்டும் 13 வீத வரியை, நீங்களும் பதிவு செய்திருந்தால், திரும்பக் கோரலாம். பதிவில்லாத தனியாளிடம் வாங்கும்போது கட்டும் வரி அப்படித் திரும்பாது. 60,000 டொலர் வண்டியில் இது 7,800 டொலர் வித்தியாசம். ஆகவே கையெழுத்துக்கு முன் கணக்காளரிடம் ஒரு தடவை போங்கள்.

கடன் வரலாறு குறைந்த புதியவர்களுக்கு வட்டி கூடத்தான் வரும். மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், கடன் முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள், கடைசியில் ஒரு பெரிய தொகை காத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓடப் போகும் கம்பனியே வண்டியைத் தந்து, கிழமைக்குக் கிழமை கழித்து, "மூன்று வருடத்தில் வண்டி உங்களுடையது" என்று சொல்லும் திட்டங்கள் உண்டு. முற்பணம் இல்லாதவருக்கு இது கதவு திறந்தது போலத் தெரியும். தயவு செய்து நின்று யோசியுங்கள். சுமையைத் தருபவரும் கடனை வாங்குபவரும் ஒரே ஆள். அவர் ஓட்டத்தைக் குறைத்தால் உங்களால் கட்ட முடியாது, கட்டாவிட்டால் வண்டி அவரிடமே திரும்பும், நீங்கள் அதுவரை கட்டியதும் திருத்தியதும் போய்விடும். அமெரிக்காவில் இதை ஆராய அரசு அமைத்த குழு, 2025 ஜனவரியில் இப்படியான திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தது. மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் இரண்டரை வருடம் கட்டிய வண்டியின் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கு ஓடத் தெரியாமல் இல்லை, நல்ல சாரதி.

முதல் மாதம்

சாவி வந்ததும் ஓட்டத்துக்கு ஓடிவிடாதீர்கள். எல்லா ஒயிலும் எல்லா வடிகட்டியும் மாற்றுங்கள், எஞ்சின், கியர், டிஃபரென்ஷியல் மூன்றும். கூலன்ட் குழாய்களையும் பெல்ட்டுகளையும் பாருங்கள். டிபிஎஃப் கடைசியாக எப்போது கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது என்று தெரியாவிட்டால் அதையும் செய்யுங்கள். ஒன்ராறியோவில் வேகக் கட்டுப்பாடு 105 கிலோமீற்றரில் வைத்திருக்க வேண்டும், முன்னவர் மாற்றி வைத்திருந்தால் தண்டம் உங்களுக்குத்தான் வரும்.

வேறு மாகாணத்துக்கோ அமெரிக்காவுக்கோ ஓடுவதென்றால் இஃப்டா எரிபொருள் வரிக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 75,000 இறாத்தலுக்கு மேற்பட்ட வண்டிக்கு அமெரிக்க கனரக வாகன வரி வருடம் 550 டொலர், கனடாவில் பதிந்த வண்டிக்கு 412.50. நியூயோர்க், கென்டக்கி போன்ற மாநிலங்களுக்குத் தனித் தனிக் கணக்கு. இவற்றில் எதைக் கம்பனி செய்யும், எதை நீங்கள் செய்ய வேண்டும் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சில ஓட்டம் வீட்டுக்குக் கிட்ட இருக்கட்டும். மொன்றியல் வரை போய் வாருங்கள், வின்சர் வரை போய் வாருங்கள். பழைய வண்டி தன் குறைகளை முதல் 10,000 கிலோமீற்றருக்குள் பெரும்பாலும் சொல்லிவிடும். அதை வயோமிங்கில் ஒரு பனி இரவில் சொல்வதைவிட, உங்கள் மெக்கானிக் தொலைபேசியை எடுக்கும் தூரத்தில் சொல்வது நல்லது. ஒவ்வொரு கிழமையும் கிலோமீற்றருக்கு 15 சதத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், நல்ல கிழமையிலும் கெட்ட கிழமையிலும்.

ஒரு கொப்பியை வண்டியிலேயே வையுங்கள். திகதி, கிலோமீற்றர், எஞ்சின் மணித்தியாலம், என்ன செய்தது, எவ்வளவு போனது. முதல் பக்கத்தில் வாங்கிய நாளின் ஒயில் ஆய்வு முடிவை ஒட்டிவிடுங்கள். அடுத்த ஒயில் மாற்றும்போது இன்னொரு மாதிரி அனுப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.